காற்றுக்குழாய்ப் பெருமகனுக்கு ஒரு பாராட்டு

ஐயா, உங்களைப் பாராட்டி எழுத ரொறன்ரோத் தமிழர் யாராவது எப்போதோ முன்வந்திருக்க வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் சொந்த வீடு வாங்கிய எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் உங்கள் குரலைத் தெரியும் என்பார்கள். குடும்ப வைத்தியர் எங்களைத் தேடி அழைப்பதில்லை. மாநகரசபை அழைப்பதில்லை. பாடசாலைகூடப் பிள்ளை வராத நாளில்தான் அழைக்கும். நீங்கள் மட்டும் தவறாமல் அழைக்கிறீர்கள். பின்னேரம் அடுப்பில் கறி கொதிக்கும் நேரம், வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றும் நேரம், தொலைபேசி அடித்தால் அது நீங்கள்தான். வீட்டுக் காற்றுக்குழாயைக் கடைசியாக எப்போது துப்புரவு செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில், வீட்டுக்குள் நாங்கள் மூச்சுவிடும் காற்று எப்படி இருக்கிறது என்று எங்களிடம் விசாரித்த முதல் மனிதர் நீங்கள்.

உங்கள் அஞ்சாமை பெரிது. தொலைபேசி விற்பனைக்காரரின் தொல்லை வேண்டாம் என்பவர்கள் தங்கள் இலக்கத்தைப் பதிந்து வைக்க 2008 செப்டெம்பரில் கனடா ஒரு தேசியப் பட்டியலைத் திறந்தது. அதைக் கண்காணிக்கும் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணைக்குழு உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குத் தண்டமும் விதித்திருக்கிறது. வேறு தொழிலாக இருந்தால் இதோடு ஒதுங்கியிருப்பார்கள். நீங்கள் அழைப்பை நிறுத்தவில்லை. பட்டியலில் இலக்கம் இருப்பவரையும் விட்டுவைக்கவில்லை. சட்டம் தடுத்தவரையும் சேர்த்து நேசிக்கும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

பகலில் அழைத்தால் வீட்டில் இருப்பவர் அம்மம்மாதான் என்பதும் உங்களுக்குத் தெரியும். "ஒருத்தரும் இல்லைப் பிள்ளை, பின்னேரம் எடுங்கோ" என்று அவர் சொல்வார். உங்களுக்கு அது விளங்காது. அவருக்கும் உங்கள் ஆங்கிலம் பாதிக்குமேல் விளங்காது. ஆனாலும் 'அஸ்மா', 'அலர்ஜி', 'பேபி' என்ற சொற்கள் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். அன்று இரவு பேரப்பிள்ளை இருமினால் அம்மம்மா எழுந்து உட்காருவார். மகனிடம் மெதுவாகக் கேட்பார்: அந்தக் குழாயை ஒருக்கா துடைப்பிச்சால் என்ன? சுகாதாரத் திணைக்களங்கள் பல மொழிகளில் துண்டுப்பிரசுரம் அடித்தும் தொடமுடியாத ஓர் இடத்தை நீங்கள் ஓர் அழைப்பில் தொட்டுவிட்டீர்கள். பயத்தை எந்த வாசலால் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு வைத்தியருக்குத் தெரியாது.

காற்றுக்குழாய் எங்களுக்குப் பழக்கமில்லாத பொருள் என்பதையும் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள். ஊரில் காற்று வேண்டுமென்றால் யன்னலைத் திறப்போம். இங்கே ஆண்டில் பாதி நாள் யன்னல் பூட்டிக்கிடக்கும். நிலக்கீழ் அறையில் ஃபர்னஸ் நிற்கும். அதன் விசிறி வீட்டுக் காற்றை ஒரு பக்கத்தால் இழுத்து, சூடாக்கி, தகரக் குழாய்களால் அறை அறையாக அனுப்பும். தரையிலுள்ள துவாரங்களால் வெளியே வரும் அந்தக் காற்று, அறைகளைச் சுற்றிவிட்டு வேறு துவாரங்களால் திரும்பி ஃபர்னஸுக்கே போகும். திரும்பும் வழியில், விசிறிக்கு முன்னால், ஒரு வடிகட்டி செருகப்பட்டிருக்கும். அதாவது அறைகளுக்கு வரும் குழாயில் ஓடுவது வடிகட்டியைத் தாண்டிய காற்று. தரைத் துவாரத்தால் விழுந்த சோற்றுப் பருக்கையும் தலைமயிரும் விளையாட்டுச் சாமான்களும், வடிகட்டியில் தப்பிய கொஞ்சத் தூசியும் அந்தக் குழாயின் அடியில் படிந்து கிடக்கும். படிந்தது பெரும்பாலும் படிந்தபடியே கிடக்கும்.

இந்த வீட்டில் துடைக்கக்கூடிய இடங்கள் எத்தனையோ உண்டு. அத்தனையையும் விட்டு, வீட்டுக்காரர் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். துவாரத்தின் மூடியைக் கழற்றி, கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே செலுத்தி ஒரு படம் எடுத்துக் காட்டுகிறீர்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஒரு படலம். இதைத்தான் உங்கள் பிள்ளை சுவாசிக்கிறது என்கிறீர்கள். யார்தான் கலங்கமாட்டார்கள்? ஆனால் கண்ணுக்குத் தெரியுமளவு பருத்த தூசி நுரையீரலின் அடிவரை போகாது. அதுவரை போய் இரத்தத்தில் கலக்கக்கூடியது 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட அது தேறாது. அதை எந்தத் தொலைபேசியாலும் படம் பிடிக்க முடியாது. தூசிச் சிற்றுண்ணிகளும் வறண்ட தகரக் குழாயில் குடியிருப்பதில்லை. மெத்தையும் தலையணையும் தரைவிரிப்புமே அவற்றின் ஊர். காட்ட முடியாததை விற்கமுடியாது என்பது உங்கள் வணிக ஞானம். காட்ட முடிந்ததை நோய்க்குக் காரணமாக நிறுத்தியது அந்த ஞானத்தின் உச்சம்.

உங்கள் அறிவின் உறுதியை எதனோடு அளப்பது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல், வீட்டுக் காற்றுக்குழாயைத் துப்புரவு செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கைந்நூல் வெளியிட்டது. பக்கம் பக்கமாக ஆராய்ந்தும் அந்தப் பெரிய அலுவலகத்தால் ஒரு நல்ல சொல் சொல்ல முடியவில்லை. குழாய்த் துப்புரவு நோயைத் தடுத்ததாக எங்கும் நிறுவப்படவில்லை என்றார்கள். குழாயில் அழுக்கு இருப்பதால் அறைக்காற்றில் துகள் கூடுகிறது என்றும் ஆய்வுகள் முடிவாகக் காட்டவில்லை என்றார்கள். ஒழுங்கில்லாமல் செய்த துப்புரவு, அடங்கிக் கிடந்த தூசியை வீட்டுக்குள் கிளப்பிவிடலாம் என்றும் எச்சரித்தார்கள். கனடாவின் வீட்டுக்கடன், வீடமைப்புக் கூட்டுத்தாபனமும் ஆராய்ந்து பார்த்து ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. குழாயைத் துடைப்பதால் வீட்டுக் காற்று வழக்கமாக மாறுவதில்லை, சூடாக்கும் செலவும் குறிப்பிடும்படி இறங்குவதில்லை என்றது. இரண்டு நாடுகளின் அறிஞர்கள் ஐயம் கொண்ட இடத்தில் உங்களுக்கு ஓர் ஐயமும் இல்லை. அஸ்மா குறையும், மின்சாரக் கட்டணம் குறையும், வீட்டுத் தூசி குறையும் என்று மூச்சுவிடாமல் சொல்கிறீர்கள். ஆய்வு செய்யாதவருக்கே வாய்க்கும் தெளிவு அது.

கொடையிலும் நீங்கள் குறைந்தவரல்ல. முழு வீட்டுக்கும் 99 டொலர், துவாரங்களுக்குக் கணக்கில்லை என்கிறீர்கள். அதே அமெரிக்கக் கைந்நூல் முறையான துப்புரவுக்கு 450 முதல் 1,000 டொலர் வரை ஆகலாம் என்று கணக்குச் சொல்கிறது. முறையான வேலை என்றால் என்ன என்பதை உங்கள் தொழிலின் நல்ல மனிதர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 1989இல் தொடங்கிய ஒரு தேசியச் சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. பெரிய உறிஞ்சியைக் குழாயின் தாய்த்தண்டில் பூட்டி, உள்ளே காற்றழுத்தத்தை இறக்கி, ஒவ்வொரு கிளையிலும் தூரிகையோ காற்றுச் சாட்டையோ விட்டுத் தட்டி, உதிர்வதை வெளியே இழுக்க வேண்டும். விசிறி, சூடு மாற்றும் பகுதி, குளிர்ச்சிச் சுருள் எல்லாம் துப்புரவாக வேண்டும். ஏதாவது ஒன்றை விட்டால் மிச்சம் திரும்பவும் அழுக்காகிவிடும். நல்ல வேலையாட்கள் வந்தாலும் மணிக்கணக்கில் எடுக்கும் அலுவல் அது. நீங்களோ ஒரு சாதாரணத் தூசியுறிஞ்சியின் குழலைத் தரைத் துவாரத்தில் வைத்து, தேநீர் ஆறுவதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறீர்கள். அந்தச் சங்கமே உங்கள் 99 டொலரைப் பார்த்து மக்களை எச்சரிக்கிறது.

அந்த 99 டொலர் வாசலில் மட்டும்தான் 99 டொலர். உள்ளே வந்தபின் அது வளரும். தாய்த்தண்டுக்குத் தனி விலை. திரும்பும் குழாய்க்குத் தனி விலை. விசிறி அதற்குள் அடங்காது. அதற்குப் பிறகு வருவது பூஞ்சணம். குழாயில் தெரியும் ஒரு கறுத்த தழும்பைப் பார்த்ததும், அது பூஞ்சணம், அதுவும் நச்சுப் பூஞ்சணம் என்று உங்கள் கண் கண்டுபிடித்துவிடும். பூஞ்சணம் போலத் தோன்றுவதெல்லாம் பூஞ்சணமா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும் என்கிறது அந்தக் கைந்நூல். அந்தச் செலவையும் காத்திருப்பையும் எங்களுக்கு மிச்சப்படுத்தித் தருகிறீர்கள். பிறகு கிருமிநாசினி தெளிக்கிறீர்கள். குழாயின் உட்சுவரில் கண்ணாடி இழை இருந்தால், அதன்மேல் கிருமிநாசினியாகத் தெளிக்கத் தாங்கள் பதிவுசெய்த மருந்து எதுவும் இல்லை என்று அந்த முகமை அந்தக் கைந்நூலில் எழுதியிருக்கிறது. நனைந்து பூஞ்சணம் பிடித்த இழையைத் துடைத்து மீட்க முடியாது, கழற்றி மாற்றத்தான் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ரொறன்ரோவின் பழைய வீடுகளில் குழாய் மூட்டுகளில் வெள்ளை நாடா சுற்றியிருக்கும். அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தெரிந்தவர்கள் அதைத் தொடாமல், முதலில் சோதிக்கச் சொல்வார்கள். உங்கள் கைக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

ஓர் இடத்தில் மட்டும் இந்தப் பாராட்டில் இரண்டாவது பொருள் இல்லை. குழாய்க்குள் எலி குடியிருந்தால், பூஞ்சணம் கண்கூடாகப் படர்ந்திருந்தால், துவாரத்தால் தூசி உண்மையாகவே அறைக்குள் பறந்து வந்தால், துப்புரவு வேண்டும். அந்தக் கைந்நூல் சொல்வதும் அதைத்தான். புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் குழாய்க்குள் பலகைத் தூளும் சுவர்ச் சுண்ணத் தூளும் கட்டடக்காரர் எறிந்த கழிவும் கண்டிருக்கிறார்கள். வீட்டைத் திருத்திக் கட்டிய பிறகும் அப்படித்தான். அந்த நேரத்தில் முறையாகச் செய்கிறவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, வேலை முடிந்ததும் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் அது நல்ல செலவு. எலி நுழைந்த ஓட்டையையும் பூஞ்சணத்தை வளர்த்த ஈரத்தையும் அடைக்காவிட்டால் எல்லாம் திரும்பி வரும் என்பதையும் அந்த நல்லவர் சொல்லித்தருவார். கூட்டத்தில் அவரையும் நாங்கள் ஐயத்தோடு பார்க்கும்படி வைத்தது உங்கள் சேவைதான்.

ஐயா, உங்கள் நாகரிகத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இத்தனை வருடம் எங்கள் வீட்டுக் காற்றைப் பற்றிப் பேசியும், எங்கள் குசினியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு வீட்டில் மெல்லிய துகளை அதிகம் எழுப்பும் காரியங்களில் சமையல் முன்வரிசையில் நிற்கிறது. செத்தல் மிளகாய் வறுக்கும்போது வீடு முழுக்க இருமுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. தீபாவளிக்கு முறுக்கும் பயித்தம் பணியாரமும் பொரிக்கும் இரவில், யன்னல் பூட்டிய வீட்டில், எண்ணெய்ப் புகை மேல்மாடிப் படுக்கையறை வரை ஏறும். அடுப்பு எரிவாயுவில் எரிந்தால் நைதரசன் டைஒக்சைட்டும் சேரும். அஸ்மா உள்ள பிள்ளைக்கு அது நேரடியான எதிரி. அடுப்புக்கு மேலேயுள்ள புகையுறிஞ்சி பல வீடுகளில் புகையை வெளியே அனுப்புவதேயில்லை. ஒரு கரிவடிகட்டிக்குள்ளால் இழுத்து, சமைப்பவரின் முகத்துக்கே திருப்பி விடுகிறது. அந்தக் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. வெளியே போகும் உறிஞ்சி இருந்தால் சமையல் தொடங்கும்போதே போட வேண்டும், முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பின்வரிசை அடுப்பில் சமைத்தால் அது புகையைக் கூடுதலாகப் பிடிக்கும். கனடாச் சுகாதார அமைச்சு இதையெல்லாம் இலவசமாகச் சொல்கிறது. இலவசமாகச் சொல்வதால் அதை யாரும் பின்னேரம் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதில்லை.

சாமியறையையும் நீங்கள் நாகரிகமாகக் கடந்துபோனீர்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் கற்பூரமும் எரியும்போது எழும் துகள், புகை என்ற வகையில் மற்றப் புகையிலிருந்து வேறல்ல. இதை எழுத எனக்கு மனம் சங்கடப்படுகிறது, அம்மாவின் வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசத்தில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் மூச்சிழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், பூட்டிய யன்னலுக்குள் அந்தப் புகை என்ன செய்யும் என்று யாராவது சொல்லத்தான் வேண்டும். யன்னலைக் கொஞ்சம் திறந்தாலும் போதும், விளக்கு மட்டும் ஏற்றினாலும் போதும். குழாயைத் துடைக்க நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்த வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. பணம் கொடுத்தாயிற்று, காற்றுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்ற நிம்மதியை நீங்கள் அளித்துவிட்டீர்கள்.

ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறீர்கள். கைநீட்டினால் எட்டும் தூரத்தில் அந்த வடிகட்டி இருக்கிறது. பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து மாறாமல் கறுத்துப் போயிருக்கும். மெல்லிய வடிகட்டியை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். தரம் குறைந்தது பெரிய தூசியை மட்டும் பிடித்து ஃபர்னஸைக் காக்கும், எங்களைக் காக்காது. மேர்வ் 13 தரத்து வடிகட்டி என்றால், 0.3 முதல் 1 மைக்ரோமீற்றர் வரையுள்ள மிகச் சிறிய துகளில் பாதியையாவது பிடிக்கும். பழைய ஃபர்னஸ் அந்த அடர்த்தியைத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். 2023இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேயருக்கு மேல் காடு எரிந்தது. அந்த ஜூன் மாதம் கியூபெக் தீயின் புகை ரொறன்ரோ வானத்தை மூடிய நாட்களில் வீட்டுக்குள் மக்களைக் காத்தவை இப்படிப்பட்ட வடிகட்டிகள்தாம். அதை வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2020இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் வகுத்த முறையில், நான்கைந்து மேர்வ் 13 வடிகட்டிகளைப் பெட்டியாக ஒட்டி மேலே ஒரு சதுர விசிறியை வைத்தால், அந்தப் பெட்டி ஓர் அறையின் காற்றைத் திரும்பத் திரும்ப வடிக்கும். பாடசாலைப் பிள்ளைகளே அதைச் செய்துவிடுவார்கள். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் உங்கள் விலைப்பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் நிற்கும் அந்த நிலக்கீழ் அறைத் தரைக்குக் கீழேதான் ரேடன் இருக்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து வரும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்பாலும் குழாய் நுழையும் இடைவெளியாலும் வீட்டுக்குள் ஏறும். குளிர்காலத்தில் பூட்டிய வீட்டில் தேங்கும். புகைப்பிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயைத் தருவது ரேடன்தான். கனடாவில் நுரையீரல் புற்றுநோயால் வரும் மரணங்களில் ஏறக்குறைய 16 விழுக்காடு அதன் கணக்கு. ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கெரலைத் தாண்டினால் வீட்டைத் திருத்த வேண்டும் என்று 2007 முதல் கனடாவில் வழிகாட்டல் இருக்கிறது. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம்! புதிதாக வந்த மாணவர்களும் இளம் குடும்பங்களும் அங்கேதான் படுத்தெழும்புகிறார்கள். வீட்டுக்காரர் மேல்மாடிக் குழாயைத் துடைப்பித்துவிட்டார், கீழே இருப்பவர் இரவுமுழுக்க எதைச் சுவாசிக்கிறார் என்று அளந்து பார்க்கவில்லை. உங்கள் வெளிச்சம் அத்தனை தடவை அந்த அறைக்குள் வந்து போயும் தரையின் பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை.

அடைபட்டால் உயிரை எடுக்கும் குழாயும் வீட்டில் உண்டு. 2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் ஊரில், எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டதால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பியது. பொலிஸ் அதிகாரி லோரி ஹோக்கின்ஸும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013இல் சட்டம் வந்தது. எரிபொருளில் இயங்கும் சாதனமுள்ள வீடுகளில் படுக்கும் இடத்துக்கருகே அந்தக் கருவி கட்டாயமானது அப்படித்தான். துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாயும் அப்படியே. தும்பு அடைத்தால் சூடேறித் தீப்பிடிக்கும். உண்மையாகவே ஆண்டுதோறும் துடைக்க வேண்டிய குழாய் அதுதான். அதை மட்டும் நீங்கள் 'எக்ஸ்ட்ரா' பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

சட்டசபையில் பெயர் பெறும் தொழில்கள் சில. உங்களுடையது அவற்றில் ஒன்று. வீட்டு வாசலில் நின்று விற்கும் கொடுமை தாங்காமல், 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோ ஒரு தடையைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் தாமே முன்கூட்டி அழைக்காமல், வாசலில் வைத்து இன்னின்ன பொருளுக்கும் சேவைக்கும் ஒப்பந்தம் எழுதக்கூடாது என்றது. ஃபர்னஸ், சுடுநீர்க்கலன், குளிரூட்டி, நீர் வடிகட்டி என்று போகும் அந்தப் பட்டியலில் காற்றுக்குழாய்த் துப்புரவும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. மீறி எழுதிய ஒப்பந்தம் செல்லாது, பணம் கொடுக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு உட்பட்டு வீட்டில் எழுதிய 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தையும் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் முறிக்கலாம். அம்மம்மாக்கள் அறிய வேண்டிய சட்டம் இது. கையெழுத்து வைத்துவிட்டோமே என்ற வெட்கத்தில் பிள்ளைகளிடம் மறைத்து, ஓய்வூதியப் பணத்தில் தவணை கட்டுகிற முதியவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் அவர்களல்ல. பத்து நாள் போகவில்லை என்றால் இன்றைக்கே கடிதம் எழுதுங்கோ அம்மா, எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கேளுங்கோ.

உங்களிடமிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்கிறோம் ஐயா. வீட்டுக் காற்றுக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பது நீங்கள் கற்றுத்தந்தது. இந்த ஆண்டின் 99 டொலரில் ரேடனை அளக்கும் நீண்டகாலச் சோதனைக் கருவி ஒன்று வாங்குகிறோம். 30 முதல் 60 டொலருக்குள் கிடைக்கிறது. மிச்சத்தில் நல்ல வடிகட்டி ஒன்று வாங்கி, மாற்ற வேண்டிய திகதியை அதன் ஓரத்திலேயே எழுதிச் செருகுகிறோம். ஒக்ரோபரில் கருவியை நிலக்கீழ் அறையில், படுப்பவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், மூச்சு மட்டத்து உயரத்தில் வைப்போம். மூன்று மாதம் அசைக்காமல் இருந்தால் ஜனவரியில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். எப்படியும் அதற்குள் நீங்கள் பலமுறை அழைப்பீர்கள். விடை வந்ததும், எங்கள் வீட்டில் எத்தனை பெக்கெரல் என்று உங்களுக்கும் சொல்கிறோம்.